மெய்நிகர் கணினிக்கு யாருடைய சாவி? செக்யூர் பூட் சாவிகளை நிர்வகிக்கும் நான்கு வழிகள் – ஓர் ஒப்பீடு

செக்யூர் பூட் என்பது, நம்பும் சாவியால் கையொப்பமிட்ட நிரலை மட்டுமே கணினி தொடங்கும்போது ஓட விடும் பாதுகாப்பு. கேவிஎம் (லினக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) மேல் முப்பது, நாற்பது மெய்நிகர் கணினிகளை நடத்தும் நிர்வாகிகள் பலர் இதைப் பற்றி ஒரே கேள்வியோடு வருகிறார்கள். மெய்நிகர் ஃபர்ம்வேரின் தயார் டெம்ப்ளேட்டோடு வரும் மைக்ரோசாஃப்ட் சாவிகளையே வைத்துக்கொள்ளலாமா, அல்லது சொந்தச் சாவிகளைப் பதித்துக்கொள்ள வேண்டுமா என்பதே அது. மைக்ரோசாஃப்ட் 2011ஆம் ஆண்டில் உருவாக்கிய சான்றிதழ்களின் காலாவதி நாள்தான் இந்தக் கேள்வியை இப்போது எழுப்பியிருக்கிறது. அவற்றுள் கேஇகே (அனுமதி, தடைப் பட்டியல்களை மாற்ற உரிமை தரும் சாவி) சான்றிதழுக்கும், ஷிம் (லினக்ஸ் பூட்டின் முதல் கட்ட நிரல்) போன்ற பிறர் நிரல்களில் கையொப்பமிடப் பயன்படும் யூஇஎஃப்ஐ சான்றிதழுக்கும் 2026 ஜூன் வரையே ஆயுள். விண்டோஸ் பூட் மேலாளரில் கையொப்பமிடும் சான்றிதழுக்கு 2026 அக்டோபர் வரை. இவற்றுக்கு மாற்றாக 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் வந்துள்ளன.

ஒரு பயத்தை முதலில் விலக்கிவிடுகிறேன். ஃபர்ம்வேர் பூட் ஆகும்போது சான்றிதழின் காலாவதித் தேதியைப் பொதுவாகப் பார்ப்பதில்லை. ஆகவே இன்று பூட் ஆகும் கணினி அந்தத் தேதியில் நின்றுவிடப் போவதில்லை. சிக்கல் பின்னால் வரும். 2023 சான்றிதழால் மட்டும் கையொப்பமிடப்பட்ட புதிய ஷிம்மை, 2011ஐ மட்டுமே அறிந்த மெய்நிகர் கணினி ஏற்காது. பழைய கேஇகேயால் கையொப்பமிட்ட தடைப்பட்டியல்களும் வருவது நின்றுபோகும்.

ஃபர்ம்வேர் இந்தச் சாவிகளை வைத்திருக்கும் நான்கு மாறிகளையும் ஒரு வரியில் நினைவூட்டிக்கொள்வோம்: தலைமைச் சாவியான பிகே கையொப்பமிட்டால் கேஇகே மாறும், கேஇகே கையொப்பமிட்டால் டிபியும் டிபிஎக்ஸும் மாறும், டிபி அனுமதிப்பது, டிபிஎக்ஸ் தடுப்பது, இரண்டிலும் ஒன்று இருந்தால் தடையே வெல்லும். நிஜக் கணினியில் இவை மதர்போர்டின் ஃபிளாஷ் சில்லில் இருக்கின்றன. மெய்நிகர் கணினிகளுக்கான ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேரில் இவை ஹோஸ்டின் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கணினியின்) வட்டில் ஒரு சாதாரணக் கோப்பில் இருக்கின்றன. 4 எம்பி வகை ஓவிஎம்எஃப்பில் அந்தக் கோப்பின் அளவு 528 கிலோபைட். ஒரு மெய்நிகர் கணினி முதன்முறை தொடங்கும்போது, அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் டெம்ப்ளேட்டை நகலெடுத்து, அந்தக் கணினிக்கென்று தன் என்விரேம் கோப்புறையில் வைத்துவிடுகிறது. அதன்பின் ஹோஸ்டில் ஓவிஎம்எஃப் பொதியைப் புதுப்பித்தால் டெம்ப்ளேட் மட்டும் புதிதாகும். நகல் அப்படியே கிடக்கும். 2021இல் உருவாக்கிய மெய்நிகர் கணினியில் இன்றும் 2021இன் சாவிக்கொத்தே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். அவற்றுள் முதலாவதற்கே அதிக எடை கொடுக்கிறேன்.

மாற்ற வேண்டிய நாளில் மாற்றுவது யார்? சாவி பதிக்கும் நாளில் எல்லா வழிகளும் எளிதாகத்தான் தெரியும். ஒரு சான்றிதழைச் சேர்க்கவோ, ஒரு பூட்லோடரைத் தடை செய்யவோ வேண்டிய நாளில் அந்த மாற்றத்தைக் கெஸ்டுக்கு (மெய்நிகர் கணினிக்கு) உள்ளிருந்தே செய்ய முடிகிறதா, கணினியை அணைத்து ஹோஸ்டிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு வெளிப்படும்.

எவையெல்லாம் பூட் ஆக வேண்டும்? விண்டோஸ், விநியோக லினக்ஸ், நாமே தொகுத்த கெர்னல், மீட்பு ஐஎஸ்ஓ ஆகிய ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கையொப்பம் தேவை.

வட்டுக் குறியாக்கம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது? வட்டுச் சாவியைக் காக்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம்மின் மெய்நிகர் வடிவத்தில், பிசிஆர் 7 என்ற பதிவேடு செக்யூர் பூட் நிலையையும் இந்த நான்கு மாறிகளையும் அளந்து வைக்கிறது. சாவி மாறினால் அளவும் மாறும்.

தனிச்சாவி எங்கே இருக்கும்? கையொப்பமிடும் தனிச்சாவி கெஸ்டின் வட்டிலேயே இருந்தால் அந்தக் கையொப்பத்தின் மதிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

எத்தனை கணினிகள், எத்தனை க்ளோன்கள், எத்தனை ஸ்னாப்ஷாட்கள்? மூன்று கணினிகளுக்குப் பொருந்தும் வழி அறுபதுக்குப் பொருந்தாது.

இவற்றுக்கெல்லாம் முன் ஒன்றைச் சரிபார்த்தாக வேண்டும். எக்ஸ்86இல் ஓவிஎம்எஃப் எஸ்எம்எம் (இயங்குதளத்துக்கும் எட்டாத பிராசஸர் நிலை) வசதியோடு தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். இயந்திர வகை க்யூ35 ஆக இருக்க வேண்டும். ஃபிளாஷ் சாதனம் பாதுகாப்பானது என்று, மெய்நிகர் வன்பொருளை உருவாக்கும் கியூஇஎம்யூவுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் கெஸ்டில் ரூட் உரிமை பெற்றவர் ஃபிளாஷில் நேரடியாக எழுதிச் சாவிகளை மாற்றிவிட முடியும். யாருடைய சாவி என்ற விவாதமே பொருளற்றுப் போகும். ஆர்ம் கெஸ்ட்களில் எஸ்எம்எம் என்பதே கிடையாது. 2025இல் வந்த கியூஇஎம்யூ 10.0 பதிப்பில், மாறிகளைக் கெஸ்டின் கைக்கு எட்டாமல் ஹோஸ்ட் பக்கத்தில் வைத்துக் காக்கும் தனிச் சாதனம் சேர்க்கப்பட்ட பிறகே அங்கு இதற்கு ஒரு வழி பிறந்தது.

மேலும், ஹோஸ்டின் நிர்வாகியிடமிருந்து மெய்நிகர் கணினியை இந்தச் சாவிகள் காக்கப் போவதில்லை, ஏனெனில் அவர் அந்தக் கோப்பையே மாற்றி எழுதலாம். கெஸ்டுக்குள் புகுந்தவர் பூட்லோடருக்கு அடியில் குடியேறி, மறுதொடக்கத்தையும் மீறி நிலைப்பதைத் தடுப்பதுதான் இவற்றின் வேலை.

## வழி 1: தயார் டெம்ப்ளேட்

டெபியன், உபுண்டுப் பொதியில் பெயரில் 'எம்எஸ்' என்று வரும் டெம்ப்ளேட், ப்ராக்ஸ்மாக்ஸில் இஎஃப்ஐ வட்டைச் சேர்க்கும்போது சாவிகளை முன்கூட்டியே பதிக்கச் சொல்லும் தேர்வு, ஹைப்பர்-வியின் இரண்டாம் தலைமுறைக் கணினிகளில் விண்டோஸுக்கும் பிற இயங்குதளங்களுக்கும் தனித்தனியாக இருக்கும் டெம்ப்ளேட்கள் ஆகிய எல்லாம் இந்த வகையே.

லிப்விர்ட்டில் இதைக் கேட்கும்போது பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஃபர்ம்வேரைத் தானே தேர்ந்தெடுக்கும்படி விட்டு, செக்யூர் பூட் வசதி வேண்டும் என்று மட்டும் எழுதினால், அந்த வசதியுள்ள ஃபர்ம்வேர் கிடைக்குமே தவிர, சாவி பதிந்த டெம்ப்ளேட் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. 'பதிக்கப்பட்ட சாவிகள்' என்ற இரண்டாவது வசதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்ட கணினி, உள்ளே சென்று மோக்யூட்டில் கட்டளையால் நிலையைப் பார்த்தால், செக்யூர் பூட் முடக்கத்தில் இருப்பதாகவும் தளம் அமைப்பு நிலையில் (பிகே பதியாத நிலையில்) இருப்பதாகவும் சொல்லக்கூடும். கட்டமைப்புக் கோப்பில் ஒன்று எழுதியிருக்கும், கணினி வேறொரு நிலையில் இருக்கும். இயங்கும் கணினிக்குள் பார்த்து உறுதி செய்வது ஒன்றே வழி.

இந்த வழியில் செலவு மிகக் குறைவு. விண்டோஸும் எல்லாப் பெரிய விநியோகங்களும் அவற்றின் ஐஎஸ்ஓக்களும் எந்தக் கூடுதல் வேலையும் இல்லாமல் பூட் ஆகும். தடைப்பட்டியலை லினக்ஸ் கெஸ்டுக்குள் ஃபர்ம்வேர் புதுப்பிப்புக் கருவியான எஃப்டபிள்யூஅப்டியும், விண்டோஸுக்குள் அதன் புதுப்பிப்புச் சேவையும் உள்ளிருந்தே மாற்றிவிடும்.

மறைந்திருக்கும் செலவு பிகேயில் இருக்கிறது. தயார் டெம்ப்ளேட்டில் பிகே பெரும்பாலும் விநியோகத்தாருடையது; அதன் தனிச்சாவி நம்மிடம் இல்லை. 2023 கேஇகேயைச் சேர்க்க வேண்டுமானால் பிகேயின் கையொப்பம் வேண்டும். நிஜக் கணினியில் அதைத் தயாரிப்பாளர் கொடுப்பார். நம் சொந்த ஹோஸ்டில் ஓடும் மெய்நிகர் கணினியில், கணினியை அணைத்துவிட்டு விர்ட்-ஃபர்ம்வேர் கருவித்தொகுப்பைக் கொண்டு மாறிக் கோப்பைத் திருத்தினால் கையொப்பமே தேவையில்லை. ஆகவே கதவு மூடப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நிறுத்த நேரம் தேவைப்படுகிறது.

இன்னொரு செலவு, நம்பிக்கையின் பரப்பு. மைக்ரோசாஃப்டின் யூஇஎஃப்ஐ சான்றிதழ் கையொப்பமிட்ட, இன்னும் தடைபெறாத எந்த நிரலும் நம் கணினியில் பூட் ஆகும். 2020இல் லினக்ஸின் பூட்லோடரான கிரப்பில் பூட்ஹோல் என்னும் ஓட்டை வெளிவந்தபோது தடை செய்ய வேண்டிய நிரல்கள் மிகப் பலவாக இருந்ததால், ஃபர்ம்வேர் தடைப்பட்டியலுக்கு ஒதுக்கியிருந்த இடமே போதாமல் போகும் நிலை வந்தது. அதன் விளைவாகத்தான் நிரல்களைத் தலைமுறை எண்ணால் தடை செய்யும் எஸ்பேட் முறை பிறந்தது. பிறர் எழுதும் பட்டியலை நம்பியிருக்கும் நிலை இந்த வழியோடு பிரிக்க முடியாதது.

விண்டோஸும் பல லினக்ஸ்களும் கலந்து ஓடும் இடத்துக்கும், சொந்தக் கெர்னல் இல்லாத இடத்துக்கும், சாவியைப் பாதுகாக்க ஒருவரை ஒதுக்க முடியாத சிறு குழுவுக்கும் இதுவே சரி.

## வழி 2: தயார் டெம்ப்ளேட்டின் மேல் எம்ஓகே

பிகே முதல் டிபிஎக்ஸ் வரை எதையும் தொடாமல், ஷிம் தனக்கென வைத்திருக்கும் எம்ஓகே (கணினி உரிமையாளரின் சாவிகள்) பட்டியலில் நம் சாவியைச் சேர்ப்பது இது. வெளியிலிருந்து தொகுக்கும் கெர்னல் மாட்யூல்களுக்கு, குறிப்பாக ஜிபியூ இயக்கிகளுக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கும், இது நன்கு பழகிய பாதை.

கெஸ்டுக்குள் கோரிக்கை வைத்து, ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, மறுதொடக்கம் செய்தால் நீலத் திரை ஒன்று வரும். சில நொடிகளுக்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தாவிட்டால் அது மறைந்து, வழக்கமான பூட் தொடர்ந்துவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாகவே எல்லா வேலையையும் செய்து பழகியவர் வரைகலைக் கன்சோலைத் திறந்துகொண்டு அந்தச் சில நொடிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்று கணினிகளுக்கு இதைச் செய்யலாம். அறுபதுக்கு என்றால் ஹோஸ்டிலிருந்து மாறிக் கோப்பிலேயே எம்ஓகேயைச் சேர்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். விர்ட்-ஃபர்ம்வேர் அதையும் செய்கிறது.

எனக்கு உண்மையில் கவலை தருவது தனிச்சாவி இருக்கும் இடம். கெஸ்டுக்குள்ளேயே மாட்யூல்களைத் தொகுக்கும் டிகேஎம்எஸ் தானாக உருவாக்கும் தனிச்சாவி கெஸ்டின் வட்டிலேயே, ரூட் படிக்கும்படி இருக்கிறது. ரூட் உரிமை பெற்ற ஊடுருவியைத் தடுக்கத்தான் செக்யூர் பூட் வைத்தோம். அதே ரூட் உரிமையால் அவர் தன் மாட்யூலில் நம் சாவியால் கையொப்பமிட்டுக்கொள்ளலாம். அந்தக் கணினியை அச்சாக வைத்து க்ளோன்கள் எடுத்தால் எல்லாவற்றிலும் அதே தனிச்சாவி பரவிவிடும். மாட்யூலைக் கெஸ்டுக்கு வெளியே தனிக் கட்டுமானக் கணினியில் தொகுத்து, அங்கேயே கையொப்பமிட்டு, பொதுச்சாவியை மட்டும் கெஸ்ட்களில் பதிப்பதாக இருந்தால் மட்டுமே இந்த வழியை நான் பரிந்துரைப்பேன்.

எம்ஓகேயும் அதே மாறிக் கோப்பில்தான் வாழ்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. யாராவது என்விரேமை மீட்டமைத்தால் எம்ஓகே போய்விடும்; கணினி பூட் ஆகிவிடும், ஆனால் மாட்யூல் மட்டும் சாவி நிராகரிக்கப்பட்டதாகச் சொல்லி ஏற மறுக்கும். காரணம் தெரியாதவர் இயக்கியைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பார்.

## வழி 3: கலப்புச் சாவிக்கொத்து

பிகே நம்முடையது. கேஇகேயில் நம்முடையதும் மைக்ரோசாஃப்டின் 2011, 2023 இரண்டும் இருக்கும். டிபியில் மைக்ரோசாஃப்டின் சான்றிதழ்களோடு நம் சான்றிதழும் இருக்கும். டிபிஎக்ஸ் அன்றைய நாளின் முழுப் பட்டியல். இவற்றை ஒருமுறை கோத்து நம் சொந்த டெம்ப்ளேட்டாக்கி, புதிய கணினிகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்படி செய்வது இந்த வழி.

இதன் பெரிய பலன் நம் கேஇகேயில் இருக்கிறது. அவசரமாக ஒரு பூட்லோடரைத் தடை செய்ய வேண்டிய நாளில், நம் கேஇகேயால் கையொப்பமிட்ட டிபிஎக்ஸ் புதுப்பிப்பை அன்சிபில் போன்ற கருவி வழியாக எல்லா லினக்ஸ் கெஸ்ட்களுக்கும் உள்ளேயே அனுப்பிவிடலாம். கணினிகளை வரிசையாக அணைத்துக் கோப்புகளைத் திருத்த வேண்டியதில்லை. அடுத்த மறுதொடக்கத்தில் தடை நடைமுறைக்கு வரும். நாளை இன்னொரு கேஇகேயைச் சேர்க்க வேண்டியிருந்தாலும் பிகே நம்மிடமே இருப்பதால் அதுவும் உள்ளிருந்தே முடியும். அதே வேளையில் விண்டோஸின் புதுப்பிப்புகளும் எஃப்டபிள்யூஅப்டியும் வழக்கம்போல் வேலை செய்யும்.

விலை என்ன? மூன்று தனிச்சாவிகளின் காவல். பிகேயின் தனிச்சாவி இணையத்தோடு தொடர்பில்லாத இடத்தில், இரண்டு பிரதிகளாக, இருவருக்குத் தெரிந்து இருக்க வேண்டும். கேஇகேயை ஸ்மார்ட்கார்டு அல்லது எச்எஸ்எம்மில் (சாவி காக்கும் தனி வன்பொருளில்) வைப்பது நல்லது. டிபி சாவி மட்டுமே கட்டுமானக் கணினியின் கைக்கு எட்டலாம். மூன்றையும் ஒரே கோப்புறையில் போட்டு வைப்பதாக இருந்தால் முதல் வழியிலேயே இருப்பது பாதுகாப்பானது. மேலும் டெம்ப்ளேட்டைப் புதுப்பிக்கும் பொறுப்பு விநியோகத்தாரிடமிருந்து நம்மிடம் வந்துவிடுகிறது. ஆண்டுக்கு இருமுறையாவது யாராவது உட்கார்ந்து தடைப்பட்டியலைச் சேர்த்துப் புதிய பதிப்பு எடுத்தாக வேண்டும்.

பழைய கணினிகளை இந்தக் கொத்துக்கு மாற்றும்போதுதான் பிசிஆர் 7 குறுக்கே வருகிறது. நான் பணிசெய்த ஓர் அலுவலகத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எட்டு விண்டோஸ் கணினிகளை அணைத்து மாறிக் கோப்புகளை மாற்றி மீண்டும் தொடங்கினேன். எட்டிலும் விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரின் மீட்புத் திரை 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றது. அந்த எண்கள் டொமைன் கண்ட்ரோலரில் (அலுவலகக் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வரில்) சேமிக்கப்பட்டிருந்தன. அந்த அலுவலகத்தின் ஒரே டொமைன் கண்ட்ரோலரும் அந்த எட்டில் ஒன்று. பழைய மாறிக் கோப்புகளைப் பிரதி எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம்: அவற்றைத் திரும்ப வைத்ததும் பிசிஆர் 7 பழைய அளவுக்குத் திரும்பி, எட்டும் கேள்வி கேட்காமல் எழுந்தன. பிட்லாக்கரை முன்கூட்டியே இடைநிறுத்தியிருந்தால் இது நேர்ந்தே இருக்காது. லினக்ஸில் லக்ஸ் வட்டுக் குறியாக்கத்தின் சாவியை பிசிஆர் 7இல் கட்டியிருந்தாலும் இதே கதைதான். அங்கே கடவுச்சொல் அல்லது மீட்புச்சாவி இன்னோர் இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாற்பது கணினிகளுக்கு மேல் நடத்தி, சொந்தக் கெர்னலோ மாட்யூலோ வைத்து, விண்டோஸையும் விட முடியாத இடங்களுக்கு என் பரிந்துரை இதுவே.

## வழி 4: சொந்தச் சாவிகள் மட்டும்

மைக்ரோசாஃப்டின் சான்றிதழ் எதுவும் இல்லை, கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் கட்டளை வரியையும் ஒரே கோப்பாகக் கட்டிய யூகேஐயில் நம் டிபி சாவியால் கையொப்பமிடுகிறோம், ஷிம்மும் தேவையில்லை. நம்பிக்கையின் பரப்பு இதைவிடச் சுருங்க முடியாது. 2026 என்ற ஆண்டு இந்தக் கணினிகளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் மீட்பு நாளை நினைத்துப் பாருங்கள். கோப்பு முறைமை பழுதாகி, விநியோகத்தின் லைவ் ஐஎஸ்ஓவைப் போட்டால் அது பூட் ஆகாது. அதன் கையொப்பத்தை இந்த ஃபர்ம்வேர் அறியாது. செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு ஏற்றினால் பிசிஆர் 7 மாறி, டிபிஎம் வட்டுச் சாவியைத் தர மறுக்கும். ஆகவே நம் சாவியால் கையொப்பமிட்ட ஒரு மீட்பு யூகேஐயை முன்கூட்டியே தயாரித்து, ஆண்டுதோறும் பூட் செய்து பார்த்து வைத்திருப்பது இந்த வழியின் கட்டாயப் பகுதி. பழைய கெர்னலில் ஓட்டை வந்தால் அதைத் தடை செய்வதும் நம் வேலையே. நாம் கையொப்பமிட்ட நிரலை வேறு யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்கப் போவதில்லை. ஜிபியூ பாஸ்த்ரூ செய்திருந்தால் அட்டையிலுள்ள ஆப்ஷன் ராம் நிரலும் பூட் நேரத்தில் ஓடாது.

எஸ்பிசிடிஎல் கருவியால் கெஸ்டுக்குள்ளேயே சாவிகளை உருவாக்கிப் பதிப்பது மிக எளிது. தனி மடிக்கணினிக்கு அது அழகான கருவி. மெய்நிகர் கணினிகளில் அதே முறை மூன்று தனிச்சாவிகளையும் கெஸ்டின் வட்டில் வைத்துவிடுவதால், இரண்டாம் வழியில் சொன்ன குறை இங்கே பெரிதாகிறது.

ஒரே அச்சிலிருந்து பிறக்கும் ஒரே வகைக் கணினிகள், பொதிகளைத் தொகுத்துக் கையொப்பமிடும் கட்டுமானக் கணினிகள், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அப்ளையன்ஸ்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். மேகத்திலும் இதற்கு வழி உண்டு: அமேசான் இசி2வில் ஏஎம்ஐயை (கணினியின் அச்சு இமேஜை) பதிவு செய்யும்போது யூஇஎஃப்ஐ மாறிகளின் தரவையும் சேர்த்துக் கொடுக்கலாம், கூகுள் கிளவுடில் சொந்த இமேஜை உருவாக்கும்போது பிகே முதல் டிபிஎக்ஸ் வரை நம் சாவிகளை இணைக்கலாம்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | தயார் டெம்ப்ளேட் | எம்ஓகே | கலப்பு | சொந்தம் மட்டும் |
|---|---|---|---|---|
| கேஇகேயை மாற்றுதல் | கணினியை அணைத்து ஹோஸ்டிலிருந்து | கணினியை அணைத்து ஹோஸ்டிலிருந்து | உள்ளிருந்தே | உள்ளிருந்தே |
| அவசரத் தடை | பிறர் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டும் | பூட்லோடரைத் தடுக்கப் பிறர் பட்டியலுக்குக் காத்திருக்க வேண்டும் | நாமே, உடனே | நாமே, உடனே |
| விண்டோஸ் | ஆம் | ஆம் | ஆம் | இல்லை |
| விநியோக ஐஎஸ்ஓ | ஆம் | ஆம் | ஆம் | இல்லை |
| காக்க வேண்டிய தனிச்சாவிகள் | இல்லை | ஒன்று | மூன்று | மூன்று |
| ஆண்டுப் பராமரிப்பு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |

## தேர்வாகக் கொள்ளக் கூடாத ஒன்று

டெபியன் பொதியில் 'ஸ்னேக்ஆயில்' என்ற பெயரில் ஒரு டெம்ப்ளேட்டும் இருக்கிறது. அதன் தனிச்சாவியும் அதே பொதியில், எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. சோதனைக்காக மட்டுமே கொடுக்கப்பட்டது அது. சாவி பதிந்த டெம்ப்ளேட் என்ற அளவில் அதை உற்பத்திக் கணினியில் வைப்பது பூட்டைப் போட்டுச் சாவியை வாசலில் மாட்டுவதற்குச் சமம். 2024இல் வெளிவந்த பிகேஃபெயில் விவகாரத்தில், 'நம்ப வேண்டாம்' என்று பெயரிலேயே எழுதப்பட்ட சோதனை பிகே நூற்றுக்கணக்கான நிஜக் கணினி மாடல்களில் விற்பனைக்குப் போயிருந்தது கண்டறியப்பட்டது. ஒரு மணி நேரம் வாழ்ந்து அழியும் சோதனைக் கணினிக்குச் செக்யூர் பூட்டே வேண்டாம் என்று முடிவெடுப்பது இதைவிட நேர்மையானது.

## எந்த வழியானாலும் கவனிக்க வேண்டியவை

ஸ்னாப்ஷாட்டில் (கணினியின் அப்போதைய நிலையைச் சேமித்த பதிவில்) மாறிக் கோப்பும் அடங்கியிருந்தால், பழைய நிலைக்குத் திரும்பும்போது தடைப்பட்டியலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேற்று தடை செய்த பூட்லோடர் இன்று மீண்டும் அனுமதி பெற்றுவிடும். மாறிக் கோப்பு அடங்காமல் வட்டு மட்டும் திரும்பினால், எஸ்பேட் நிலை முன்னே போய் வட்டிலுள்ள பழைய ஷிம் நிராகரிக்கப்படலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு எஸ்பேட் நிலையை உயர்த்தியதால், இரண்டு இயங்குதளங்கள் வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. அதே முரண்பாட்டை ஒரு ஸ்னாப்ஷாட் நம் கணினிக்குள்ளேயே உருவாக்கிவிட முடியும். ஆகவே ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிய கணினியை வலைப்பின்னலில் சேர்க்கும் முன் தடைப்பட்டியலை மீண்டும் ஏற்ற வேண்டும்.

மாற்றத்தைத் தொடங்குபவர் முதல் நாளில் எதையும் மாற்ற வேண்டாம். எல்லா மாறிக் கோப்புகளையும் விர்ட்-ஃபர்ம்வேரால் படித்து, ஒவ்வொரு கணினியிலும் யாருடைய பிகே இருக்கிறது, 2023 சான்றிதழ்கள் எவற்றில் இல்லை, எதில் பிட்லாக்கர் அல்லது லக்ஸ் டிபிஎம்மோடு கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். மீட்பு எண்களை மெய்நிகர் கணினிகளுக்கு வெளியே ஓரிடத்தில் சேருங்கள். அதன்பின் முக்கியமில்லாத ஒரு கணினியில் குறியாக்கத்தை இடைநிறுத்தி, பழைய மாறிக் கோப்பைப் பிரதி எடுத்து, புதியதை வைத்து, இருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். இரண்டாவது முறையும் கேள்வி கேட்காமல் எழுந்தால் குறியாக்கப் பாதுகாப்பை மீண்டும் இயக்கிவிட்டு அடுத்த கணினிக்குச் செல்லலாம். டொமைன் கண்ட்ரோலரைக் கடைசியில் வையுங்கள்.